உரிமத்துக்குப் பிறகு வரும் கணக்கு: நியூ பிரைம் எதிர் ஒலிவேரா வழக்கும் கம்பெனிச் செலவில் டிரக் பழகுவதும்

அமெரிக்காவில் கனரக டிரக் ஓட்டும் வேலைக்குப் புதிதாக வருபவருக்குப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு. கையில் பணம் இருப்பவர் தனியார் பயிற்சிப் பள்ளியில் சேர்வார். நேரம் இருப்பவர் சமுதாயக் கல்லூரிக்குப் போவார். இரண்டும் இல்லாதவருக்கு டிரக் கம்பெனியே சொல்லிக்கொடுக்கும். அங்கே முன்பணம் அநேகமாக எதுவும் வேண்டாம். உரிமம் வாங்கியபின் குறிப்பிட்ட காலம் அந்தக் கம்பெனிக்கே ஓட்ட வேண்டும், நடுவில் விலகினால் பயிற்சிச் செலவைக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

இந்த மூன்றாவது வழியை யோசிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்களைத்தான் கேட்கிறார்கள்: எத்தனை மாதம் கட்டுப்பட வேண்டும், விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும். அவை முக்கியம்தான். ஆனால் உண்மையான செலவின் பெரும்பங்கு அந்த இரண்டிலும் இல்லை. அதைக் காட்டும் வழக்குதான் நியூ பிரைம் நிறுவனத்தின் மீது டொமினிக் ஒலிவேரா என்ற ஓட்டுநர் தொடுத்தது. 2015இல் மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடங்கி, 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது. வழக்கறிஞர்கள் இதை நடுவர் தீர்ப்புச் சட்டத்துக்கான, அதாவது தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் தீர்ப்பது பற்றிய சட்டத்துக்கான, முன்னுதாரணமாகப் படிக்கிறார்கள். நான் இதைப் புதிய ஓட்டுநர் ஒருவரின் முதல் இரண்டு வருடத்து வரவு செலவாகப் படிக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கீழே வரும் சம்பவங்கள் வாதி தரப்பு மனுவில் சொன்னவை. நீதிமன்றங்கள் அவற்றை விசாரித்து உண்மை என்று முடிவுகட்டவில்லை. எங்கே விசாரிக்கலாம் என்ற கேள்வியைத் தீர்க்க, அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டன.

உரிமம் கைக்கு வரும்வரை

டிரக் ஓட்டுநர் உரிமத்துக்கு நாடு முழுவதற்குமான அளவுகோல் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. டிரெய்லர் இழுக்கும் பெரிய வண்டிக்கு ஏ வகுப்பு உரிமம் தேவை; வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து எடை 26,001 பவுண்டும் அதற்கு மேலும் போகும்போது இது பொருந்தும். மாநில எல்லைக்குள் ஓட்ட 18 வயது போதும், எல்லை தாண்ட 21 ஆக வேண்டும். மருத்துவச் சான்று, போதைப்பொருள் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, அதன்பின் பழகுநர் உரிமம். அது கைக்கு வந்து 14 நாளாவது ஆன பிறகுதான் ஓட்டுத் தேர்வு. கம்பெனிப் பயிற்சியானாலும் தனியார் பள்ளியானாலும் இதில் மாற்றம் இல்லை.

கவனிக்க வேண்டிய விதி வேறொன்று. பழகுநர் உரிமத்தோடு ஓட்டும்போது, முழு உரிமம் உள்ளவர் ஒருவர் முன்னிருக்கையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தேர்வு முடிந்து முழு உரிமம் கிடைத்துவிட்டால் அந்தக் கட்டாயம் இல்லை. சொல்லிக்கொடுப்பவர் எழுந்து கேபினுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் போய்ப் படுத்துவிடலாம். ஓர் ஓட்டுநர் பத்து மணி நேர ஓய்வுக்குப் பின் அதிகபட்சம் 11 மணி நேரம்தான் ஓட்டலாம் என்பது கூட்டாட்சி விதி. ஒருவர் மட்டும் இருக்கும் வண்டி மீதி நேரம் நின்றுதான் ஆக வேண்டும். இருவர் மாறி மாறி ஓட்டினால் அதே வண்டி ஏறக்குறைய நாள் முழுக்க நகரும்.

அதாவது, உரிமம் கிடைத்த நாளிலிருந்து பயிற்சியில் இருப்பவர் கம்பெனிக்கு வெறும் செலவு அல்ல, இரண்டாவது ஓட்டுநர். அவர் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறார் என்பதும் உண்மை, அவரால் சரக்கு வேகமாகப் போய்ச் சேருகிறது என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளில் எதற்கு ஏற்பக் கூலி கொடுப்பது என்பதில்தான் இந்தத் தொழிலின் பாதி வழக்குகள் பிறக்கின்றன.

நாற்பதாயிரம் மைல்

நியூ பிரைம் மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இயங்கும் பெரிய டிரக் நிறுவனம். நீதிமன்ற ஆவணங்களின்படி அதன் பயிற்சித் திட்டம் இப்படி இருந்தது. முதல் மூன்று நான்கு வாரம் வகுப்பும் சாலைப் பயிற்சியும். ஒரு வருடம் கம்பெனியில் நின்றால் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. உரிமம் பெறுவதற்குப் பயிற்றுநரோடு 10,000 மைல் ஓட்ட வேண்டும். அந்தக் கட்டத்தில் சம்பளம் கிடையாது. சாப்பாட்டுக்கு வாரம் 200 டாலர் தருவார்கள், அதையும் பின்னால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். உரிமம் வந்தபின் பயிற்சி ஓட்டுநராக இன்னும் 30,000 மைல். இதற்கு மைலுக்குச் சுமார் 14 சென்ட்.

தாளும் பேனாவும் எடுத்தால் போதும். 30,000 மைலுக்கு 14 சென்ட் வீதம் 4,200 டாலர். சராசரியாக மணிக்கு 50 மைல் என்று வைப்போம். நெடுஞ்சாலைக்கு இது நியாயமான எண். அத்தனை மைலையும் அவரே ஓட்டியதாகக் கொண்டால் 600 மணி நேரம், மணிக்கு 7 டாலர். முன்னால் சம்பளமில்லாமல் ஓட்டிய 10,000 மைலையும் சேர்த்தால் 800 மணி நேரம், மணிக்கு 5 டாலர் 25 சென்ட். கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலை முதல் மணிக்கு 7 டாலர் 25 சென்ட். சட்டம் இதை வாரக் கணக்கில்தான் பார்க்கும், என் கணக்கு மொத்தமாகப் போட்டது. ஆனாலும் திசை தெரிகிறது.

இது ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த நேரம் மட்டும். கிடங்கு வாசலில் சரக்கு ஏறும்வரை காத்திருப்பது, புறப்படும் முன் டயர், பிரேக், விளக்கு என்று வண்டியைச் சோதிப்பது, டீசல் போடுவது, காகிதங்களைச் சரிபார்ப்பது எதுவும் இதில் இல்லை. மைலுக்குச் சம்பளம் என்ற ஏற்பாட்டில் நிற்கும் வண்டிக்குக் காசு கிடையாது. புதியவருக்குத்தான் இந்த வேலைகளெல்லாம் அதிக நேரம் பிடிக்கும். ரிவர்ஸ் எடுத்துக் கிடங்கு மேடையில் டிரெய்லரைப் பொருத்த அனுபவசாலிக்கு ஆகும் நேரம் வேறு, இவருக்கு ஆகும் நேரம் வேறு. பயிற்சி ஓட்டுநராக இருந்த காலத்தில் தனக்குக் கிடைத்தது மணிக்குச் சுமார் 4 டாலர்தான் என்பது ஒலிவேரா தரப்பின் வாதம். மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் அது மிகையாகத் தெரியவில்லை.

அப்புறம் அந்தப் படுக்கை. ஓடும் வண்டியில், இன்னொருவர் ஓட்டும்போது பின்னால் படுத்திருக்கும் நேரம் வேலையா, ஓய்வா? 24 மணி நேரமோ அதற்கு மேலோ பணியில் இருப்பவரிடமிருந்து தூக்கத்துக்கென்று அதிகபட்சம் எட்டு மணி நேரத்தைத்தான் கழிக்கலாம் என்று தொழிலாளர் துறையின் பழைய விதி ஒன்று சொல்கிறது. அதை வைத்து, ஆர்கன்சாவின் பாம் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் மீதான வழக்கில் 2018இல் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், எட்டு மணி நேரத்துக்கு மேல் படுக்கையில் கழியும் நேரத்துக்கும் கூலி உண்டு என்றார். அந்த வழக்கு 2020இல் 1 கோடியே 65 லட்சம் டாலருக்குச் சமரசமானது. ஆனால் இடையில், 2019 ஜூலையில், அதே தொழிலாளர் துறை படுக்கை நேரம் பொதுவாக வேலை நேரம் ஆகாது என்று எதிர்த்திசையில் கருத்துக் கடிதம் வெளியிட்டது. வாரக் கணக்கில் ஒரு டிரக்குக்குள்ளேயே இருப்பவருக்கு இந்த வித்தியாசம் சில்லறை அல்ல.

அதே கட்டிடத்துக்குள் ஒரு முதலாளி

பயிற்சி மைல்களை முடித்ததும் ஒலிவேராவுக்குக் கம்பெனி சொன்னது இன்னொரு யோசனை: கம்பெனி ஓட்டுநராகச் சேர்வதைவிடத் தனி ஒப்பந்ததாரராகச் சேர்ந்தால் அதிகம் சம்பாதிக்கலாம். இந்த வழக்கில் நான் அதிக நேரம் நின்று படித்த பகுதி இதுதான்.

மனுவின்படி, ஒப்பந்ததாரராக அவருக்குச் சொந்தமாக ஒரு சிறு கம்பெனி வேண்டும். அதைப் பதிவுசெய்து தர, பிரைம் கட்டிடத்திலேயே இருந்த ஒரு கணக்காளர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். டிரக் வேண்டும்; அதைக் குத்தகைக்கு எடுக்க அதே கட்டிடத்தில் இருந்த ஒரு லீசிங் நிறுவனம். ஓட்டுவதற்கான சாமான்கள் வேண்டும். அவை கம்பெனிக் கடையில், கடனாக. எல்லாம் பின்னால் வரும் கூலியில் கழிக்கப்படும். ஒரே கட்டிடத்துக்குள் கூலிக்காரராக நுழைந்து முதலாளியாக வெளியே வந்தார், கையில் ஒரு டிரக்கோடும் தலையில் அதன் வாரத் தவணையோடும்.

பெயருக்கு அவர் யாருக்கும் ஓட்டலாம். நடைமுறையில் பிரைமின் சரக்கைத்தான் ஏற்றினார். அட்டவணையை முடிவு செய்ததும், பின்பற்ற வேண்டிய நடைமுறைகளை வகுத்ததும் பிரைம்தான், வேறு கம்பெனிக்கு ஓட்ட வாய்ப்பே இருக்கவில்லை என்பது மனு. குத்தகையும் டீசலும் மற்றதும் கழிந்தபின் சில வாரம் கூலிச் சீட்டில் மிஞ்சியது பூஜ்யத்துக்கும் கீழே. அந்த வாரம் முழுக்க ஓட்டிவிட்டுக் கம்பெனிக்குக் கடன்பட்டிருக்கிறார்.

2014 செப்டம்பர் கடைசியில் அந்த ஏற்பாட்டை விட்டு நின்றார். பிறகு அதே பிரைமுக்கே சாதாரணக் கம்பெனி ஓட்டுநராகத் திரும்பினார். செய்த வேலை கிட்டத்தட்ட அதேதான் என்பது அவர் வாதம். வழக்குக்கு இதைவிட வலுவான விவரம் கிடையாது. ஒரே ஆள், ஒரே கம்பெனி, ஒரே வேலை. முதலில் ஒப்பந்ததாரர், பிறகு ஊழியர். மாறியது காகிதமும், டிரக்கின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதும் மட்டுமே.

குத்தகைக்கு எடுத்து ஓட்டி நன்றாகச் சம்பாதிக்கும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் சரக்குக் கட்டண ஏற்ற இறக்கம், பழுதுச் செலவு, எந்தத் தடத்தில் காலியாகத் திரும்ப நேரும் என்பதெல்லாம் தெரிந்தவர்கள். உரிமம் வாங்கிய முதல் வருடத்திலேயே அந்த ஆபத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வது, சொல்கிறவருக்கு மட்டுமே லாபமான யோசனை. 2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த டிரக் குத்தகை ஆய்வுக் குழுவும் 2025 ஜனவரியில் தந்த அறிக்கையில், கம்பெனிகள் ஓட்டுநர்களுக்கு டிரக்கைக் குத்தகைக்கு விட்டு விற்கும் திட்டங்களையே தடைசெய்யப் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சட்டம் அல்ல.

நீதிமன்றத்தில் தீர்ந்ததும் தீராததும்

ஒலிவேரா தன்னைப்போன்ற ஓட்டுநர்கள் அனைவர் சார்பிலும் கூலி கேட்டு வழக்குப் போட்டார். பிரைமின் பதில் கூலியைப் பற்றியதே அல்ல. ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்பு விதி இருக்கிறது, தகராறை ஒவ்வொருவரும் தனித்தனியாக நடுவரிடம்தான் கொண்டுபோக வேண்டும், நீதிமன்றத்துக்கு வர முடியாது என்றார்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். சில ஆயிரம் டாலருக்காகத் தனி ஆளாக ஒரு பெரிய நிறுவனத்தை நடுவர் முன் நிறுத்த எத்தனை ஓட்டுநர்களால் முடியும்? கூட்டாக வர முடியாதென்றால் பெரும்பாலோர் வரவே மாட்டார்கள்.

1925ஆம் ஆண்டின் கூட்டாட்சி நடுவர் தீர்ப்புச் சட்டம் அப்படிப்பட்ட விதிகளை நிலைநிறுத்தச் சொல்கிறது. ஆனால் கப்பல் மாலுமிகள், ரயில்வே ஊழியர்கள், மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தில் ஈடுபடும் மற்றத் தொழிலாளர்கள் ஆகியோரின் பணி ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தாது என்றும் சொல்கிறது. ஒலிவேரா ஊழியர் அல்ல, ஒப்பந்ததாரர், ஆகவே அது பணி ஒப்பந்தமே அல்ல என்பது பிரைமின் வாதம். மாவட்ட நீதிமன்றம் பிரைம் கேட்டதை 2015இல் மறுத்தது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 மே மாதம் அதை உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 15 அன்று 8-0 என்று ஒலிவேராவின் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதி கேவனா பங்கேற்கவில்லை. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோர்சச். சட்டம் இயற்றிய 1925இல் அந்தச் சொற்றொடர் ஒருவர் இன்னொருவருக்காகச் செய்யும் எந்த வேலைக்குமான ஒப்பந்தத்தையும் குறித்தது, தனி ஒப்பந்ததாரரின் ஒப்பந்தத்தையும் சேர்த்துத்தான் என்பது அதன் சாரம். இப்படியொரு விலக்கு பொருந்துமா என்பதை நடுவரல்ல, நீதிமன்றமே முதலில் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னது.

நீண்ட தூர டிரக் ஓட்டுநர்களுக்கு இது பெரிய கதவு. ஆனால் ஒலிவேரா உண்மையில் ஊழியரா, அந்த நாற்பதாயிரம் மைலுக்கு எவ்வளவு கூலி பாக்கி என்ற கேள்விகளை உச்ச நீதிமன்றம் தொடவே இல்லை. அவை விசாரணைக்கு வரும் முன் 2020இல் பிரைம் 2 கோடியே 80 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சுமார் 40,000 ஓட்டுநர்களுக்கு உரிய தொகை அது. வகுத்தால் தலைக்கு 700 டாலர், அதுவும் வழக்கறிஞர் கட்டணம் போகும் முன். மேலே பார்த்த 10,000 மைலைக் குறைந்தபட்சக் கூலியில் கணக்கிட்டாலே, 200 மணி நேரத்துக்கு 1,450 டாலர் வரும்.

கம்பெனியின் பக்கம்

பயிற்சி தரும் கம்பெனிகள் எல்லாம் ஏமாற்றுகின்றன என்று இதிலிருந்து முடிவுகட்டினால் அது சோம்பேறித்தனம். அவர்களுக்கும் ஒரு நிஜமான சிக்கல் இருக்கிறது. டிரக் ஓட்டும் திறன் எந்தக் கம்பெனிக்கும் பயன்படும். உரிமம் ஓட்டுநர் பெயரில்தான் இருக்கிறது. செலவழித்துச் சொல்லிக்கொடுத்தபின் மறுமாதமே அவர் எதிர்க் கம்பெனிக்குப் போய்விடலாம். பெரிய நெடுந்தூர நிறுவனங்களில் ஓட்டுநர்கள் மாறிக்கொண்டே இருப்பது பல வருடமாக இந்தத் தொழிலின் நிரந்தர நோய்.

அயோவாவின் சிஆர்எஸ்டி நிறுவனம் பயிற்சிக்குப் பதிலாகப் பத்து மாதம் ஓட்டச் சொன்னது, விலகினால் 6,500 டாலர். ஒப்பந்தம் முடியாத தன் ஓட்டுநர்களை ஸ்விஃப்ட் நிறுவனம் இழுத்துக்கொண்டதாக வழக்குப் போட்டு, 2019இல் ஜூரியிடம் 1 கோடியே 55 லட்சம் டாலர் தீர்ப்பும் வாங்கியது. மேல்முறையீட்டில் 2021இல் அது ரத்தானது.

மிட்செல் ஹாஃப்மன், ஸ்டீஃபன் பர்க்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் ஒரு பெரிய டிரக் நிறுவனத்தின் உள்விவரங்களை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பர்க்ஸ் ஒரு காலத்தில் தானே டிரக் ஓட்டியவர், ஆகவே எண்களுக்கு வெளியிலும் அவருக்கு விஷயம் தெரியும். விலகினால் பணம் கட்டவேண்டும் என்ற ஒப்பந்தம் வந்தபின் விலகுவோர் கணிசமாகக் குறைந்தனர், பயிற்சியில் கம்பெனியின் லாபம் கூடியது. இன்னொன்றையும் கண்டார்கள்: ஓட்டுநர்கள் அடுத்த வாரம் எத்தனை மைல் ஓட்டுவோம் என்று எதிர்பார்த்ததைவிட உண்மையில் ஓட்டியது குறைவு, அந்த மிகை எதிர்பார்ப்பு எளிதில் கலையவும் இல்லை. மைலுக்குச் சம்பளம் வாங்கும் வேலையில் இது ஆபத்தான பழக்கம். குத்தகைத் தவணையை எதிர்பார்க்கும் மைலில் கட்டிவிடலாம் என்று நம்புவது அங்கிருந்துதான் வருகிறது.

இன்று இந்த வழியில் போகிறவருக்கு

2022 பிப்ரவரி 7 முதல், கூட்டாட்சிப் பதிவேட்டில் உள்ள பயிற்சியாளரிடம் படித்தால்தான் முதல்முறை ஏ வகுப்புத் தேர்வுக்குப் போக முடியும். பாடத் தேர்வில் 80 விழுக்காடு எடுக்க வேண்டும். ஆனால் சாலையில் இத்தனை மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச வரம்பு அந்த விதியில் இல்லை. தேர்ச்சி வந்ததா என்பதைப் பயிற்சியாளரே மதிப்பிடுவார். எனவே எத்தனை மணி நேரம் ஸ்டீயரிங்கில், எத்தனை மணி நேரம் பின்சீட்டில் உட்கார்ந்து மற்ற மாணவரைப் பார்ப்பதில் என்று சேரும் முன்பே கேட்பது நல்லது.

கட்டணம் எவ்வளவு என்பதைவிட முக்கியமான கேள்வி, உரிமம் வந்த மறுநாளிலிருந்து தனி வண்டி கிடைக்கும்வரை சம்பளம் எப்படி என்பது. மைலுக்கா, நாளுக்கா, வாரத்துக்குக் குறைந்தபட்ச உறுதியா? இருவர் ஓட்டும் வண்டியில் மொத்த மைலுக்கா, தன் மைலுக்கு மட்டுமா? உணவு முன்பணம் கடனா, சம்பளமா? வாய்மொழி உறுதி போதாது, தாளில் இருக்க வேண்டும்.

விலகினால் கட்டவேண்டிய தொகை மாதாமாதம் குறைகிறதா, கடைசி நாள்வரை முழுசாக நிற்கிறதா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பதினொன்றாம் மாதம் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஊர் திரும்புகிறவர் முழுத் தொகையும் கட்ட வேண்டுமா என்று பார்க்க வேண்டும். கம்பெனியே வேலையை விட்டு நீக்கினாலும் கட்டச் சொல்கிறார்களா என்பதையும்.

எல்லாம் சரியாக இருந்தால் இது நல்ல வழிதான் என்பது என் கருத்து. கனரக டிரக் ஓட்டுநர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் (பாதிப்பேர் இதற்கு மேலும் பாதிப்பேர் இதற்குக் கீழும் வாங்கும் தொகை) 2024 மே மாதக் கணக்கின்படி 57,440 டாலர். அனுபவசாலிகளையும் சேர்த்து எடுத்த எண் அது, முதல் வருடத்தில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் கையில் காசில்லாமல் வந்து ஒரு வருடத்தில் நாடெங்கும் செல்லும் உரிமத்தோடும் விபத்தில்லாத பதிவோடும் நிற்பது சாதாரண லாபம் அல்ல. அந்த ஒரு வருடத்தைச் சம்பளம் வாங்கும் ஊழியராகவே கழிக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் சொந்த டிரக் பற்றிய பேச்சு வந்தால், குத்தகை ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வழக்கறிஞரிடம் காட்டக் கேட்டுப் பார்க்கலாம். இன்றே கையெழுத்துப் போட்டால்தான் வண்டி என்றால், கம்பெனி ஓட்டுநர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வதே மேல்.